நாறிய ஆறு நல்லாறான கதை

அன்பார்ந்த பெற்றோர்களே! பால்மரத்தோடும் செம்பனையோடும் மல்லுக்கட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தோட்டப் பாட்டாளிப் பெருமக்களே! என் அருமை மாணவச் செல்வங்களே!

பரிசளிப்பு விழா மலரில் சரித்திரக் கட்டுரை என்றதும், கடாரம் கொண்ட இராசேந்திரனைப் பற்றித்தான் வாத்தியார் எழுதியிருப்பார் என்று நினைத்திருப்பீர்கள். இம்முறை மன்னனின் சரித்திரத்தை விட்டுவிட்டு ஓர் ஆற்றின் சரித்திரத்தை எழுத எண்ணினேன். காரணம் உண்டு.

நம் பள்ளித் திடலுக்குப் பின்னால், ஆத்தோரமாக ஒரு நீளத் துண்டு நிலம் கிடக்கிறதே, அது ஒரு காலத்தில் பூங்காவாக இருந்த இடம். சிமெண்டு பெஞ்சும் ஊஞ்சலும் இருந்ததைப் பெரியவர்கள் சொல்வார்கள். இன்றைக்கு அங்கே இடுப்பளவு லாலான் புல், கிழிந்த மெத்தை, உடைந்த டயர், நெகிழிப்பைகள். அதைச் சீர்ப்படுத்தப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் முடிவெடுத்திருக்கிறது. ஆனால் லயத்துப் பக்கம் போனால் என்ன பேச்சு கேட்கிறது? "ஆறு என்ன நம்ம வீட்டு ஆறா? கம்பெனி நிலத்துக்கு நாம எதுக்கு சார் பாடுபடணும்? இன்னிக்குச் சுத்தம் பண்ணினா நாளைக்கு மேலேயிருந்து குப்பை வந்து சேரும்."

இந்தக் கேள்விகள் தப்பானவை அல்ல. இவற்றுக்குக் கோபத்தால் பதில் சொல்ல முடியாது, சரித்திரத்தால் சொல்லலாம். இதே கேள்விகளைச் சந்தித்த ஓர் ஆறு பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. அதுதான் சிங்கப்பூர் ஆறு.

ஆறு பிறப்பித்த ஊர்

சிங்கப்பூர் ஆறு பெரிய ஆறு அல்ல. நீளம் சுமார் 3 கிலோமீட்டர்தான். நம் பேராக் ஆற்றையும் பகாங் ஆற்றையும் பார்த்தவர்களுக்கு அது ஒரு வாய்க்கால்போலத் தோன்றும். ஆயினும் 1819ஆம் ஆண்டில் இராபிள்ஸ் வந்து இறங்கியது அந்த ஆற்றங்கரையில்தான். கடலில் நங்கூரமிட்ட பெரிய கப்பல்களிலிருந்து அரிசி, துணி, மிளகு, பின்னாளில் ரப்பர் ஆகியவற்றைச் சிறு படகுகளில் இறக்கி, ஆற்றுக்குள் கொண்டுவந்து, கரையிலுள்ள கிட்டங்கிகளில் அடுக்கினார்கள். அப்படி வளர்ந்ததுதான் அந்தப் பட்டணம்.

அந்த ஆற்றோடு நம்மவர்க்கும் உறவு உண்டு. ஆரம்ப காலத்தில் அங்கே சரக்குப் படகு ஓட்டியவர்களில் பெரும்பாலோர் தென்னாட்டிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். அவர்களைச் சூலியாக்கள் என்பார்கள். 1822இல் ஊருக்குத் திட்டம் போட்டபோது ஆற்றோரமாகச் சூலியாக் கம்பம் என்று ஓர் இடத்தையே அவர்களுக்கு ஒதுக்கினார்கள். சூலியா ஸ்திரீட் என்னும் தெருப்பெயர் இன்றும் ஆற்றங்கரைப் பக்கத்தில் நிலைத்திருக்கிறது. அதற்கருகே மார்க்கெட் ஸ்திரீட்டில் நகரத்தார் கிட்டங்கி வைத்துக் கொடுக்கல் வாங்கல் நடத்தினார்கள். பிறகு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், படகுத் தொழில் மெல்ல மெல்லச் சீனர் கைக்குப் போயிற்று.

ஊரின் வேறு நீரோடைகளிலும் நம்மவர் கைபட்டிருக்கிறது. சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுத்த ஓடைக்கரைதான் தோபி காட் என்று பெயர் பெற்றது. சிராங்கூன் சாலைப் பக்கம் மாடு வளர்த்துப் பிழைத்தவர்கள் நீரும் புல்லும் இருந்த ரோச்சோர் ஆற்றை ஒட்டியே குடியேறினார்கள். எருமைக் கொட்டில் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ் என்னும் மலாய்ப் பெயர் அந்தக் காலத்தை நினைவூட்டுகிறது.

ஆறு கெட்ட விதம்

ஓர் ஆறு ஒரே நாளில் கெடுவதில்லை. கெட்டவர்கள் கூடி அதைக் கெடுப்பதும் இல்லை. பிழைக்க வந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கெடுப்பதுதான் வழக்கம். சிங்கப்பூரிலும் அப்படித்தான் நடந்தது.

ஆற்றின் மேல்பக்கத்தில் பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் இருந்தன. அவற்றின் கழிவு அப்படியே ஓடைக்குப் போயிற்று. நடுவே கம்பத்து வீடுகள். கழிவுநீர்க் குழாய் வசதியில்லாத குடியிருப்புகளின் மலமும் சலமும் ஓடையில்தான் கலந்தன. சாலையோரத்தில் ஒட்டுக்கடைக்காரர்கள். வெங்காயத்தோல், மீன்குடல், எண்ணெய்ப் பிசுக்கு, கழுவின தண்ணீர் எல்லாம் கானில் இறங்கின. ஆற்று முகத்தில் நூற்றுக்கணக்கான சரக்குப் படகுகளும் படகு பழுதுபார்க்கும் பட்டறைகளும் எண்ணெயைக் கசியவிட்டன. நீர் கறுத்தது, மீன் செத்தது. ஆற்றைக் கடப்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள்.

அவர்களில் யாரைக் குற்றஞ்சொல்வது? பன்றி வளர்த்தவனுக்கு வேறு தொழில் தெரியாது. கடை போட்டவனுக்குக் குழாயும் கழிவு வடிகாலும் யாரும் கொடுக்கவில்லை. "நான் ஒருத்தன் ஊத்துறதாலதானா ஆறு கெட்டுப்போகுது?" என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். ஒவ்வொருவர் நினைத்ததும் பாதி உண்மை. எல்லாப் பாதிகளும் சேர்ந்தபோது ஆறு செத்துவிட்டது.

பத்தாண்டுக் கெடு

1977ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத்தின் திறப்புவிழா நடந்தது. அதில் பிரதமர் லீ குவான் இயூ ஒரு சவாலை வைத்தார். பத்தே ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க முடியவேண்டும் என்பதே அது. கேட்டவர்களில் எத்தனை பேர் மனத்துக்குள் சிரித்திருப்பார்களோ!

சுற்றுச்சூழல் அமைச்சு முன்னின்று பல இலாகாக்களைச் சேர்த்து வேலையைத் தொடங்கியது. மாணவர்களே, இதைக் கவனியுங்கள். அவர்கள் முதலில் ஆற்றில் இறங்கவில்லை. ஆற்றுக்கு அழுக்கு எங்கெங்கிருந்து வருகிறது என்று கணக்கெடுத்தார்கள். இரண்டு ஆறுகளுக்கும் நீர் சேர்க்கும் நிலப்பரப்பு சிங்கப்பூரின் மொத்தப் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அந்தப் பரப்பில் 610 பன்றிப் பண்ணைகளும் சுமார் 500 வாத்துப் பண்ணைகளும் இருந்தன. தெருவோரக் கடைக்காரர்கள் ஏறக்குறைய 5,000 பேர் இருந்தார்கள். இடம் மாற்ற வேண்டியிருந்த குடும்பங்கள் சுமார் 26,000.

கணக்கெடுத்த பிறகு மாற்றிடம் கட்டினார்கள். குடும்பங்களுக்கு அடுக்குமாடி வீடு. கடைக்காரர்களுக்குக் குழாயும் கழிவு வடிகாலும் உள்ள உணவங்காடி நிலையம். பட்டறைகளுக்குத் தொழிற்பேட்டை. மொத்தக் காய்கறி வியாபாரத்திற்குப் பாசிர் பாஞ்சாங்கில் புதிய சந்தை. 1983இல் சுமார் 800 சரக்குப் படகுகளும் ஆற்றை விட்டு அதே பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. அழுக்கு வரும் வாசல்களை அடைத்த பிறகுதான் ஆற்றின் அடியில் கிடந்த சேற்றையும் குப்பையையும் பெரிய அளவில் வாரினார்கள். காலாங் படுகையில் மணலைக் கொட்டிக் கடற்கரைபோல் ஆக்கினார்கள். கரையில் புல் பதித்து, மரம் நட்டு, நடைபாதை போட்டார்கள். நாற்றத்துக்குப் பயந்து மக்கள் ஒதுங்கிய கரை, குடும்பத்தோடு உட்காரும் பூங்கா ஆயிற்று.

1987 செப்டம்பரில் விழா எடுத்தார்கள். பணியை முன்னின்று நடத்திய அதிகாரிகள் பத்துப் பேருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஆற்றில் மீனும் இறாலும் திரும்பியிருந்தன. செலவு ஏறக்குறைய 300 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி.

விலை கொடுத்தவர்கள்

இவ்வளவு நல்ல கதையில் ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் அது சரித்திரம் ஆகாது. ஆறு சுத்தமாவதற்குப் பணத்தைத் தவிர வேறொரு விலையும் கொடுக்கப்பட்டது. அந்த 26,000 குடும்பங்களும் பிறந்து வளர்ந்த கம்பத்தை விட்டுப் புறப்பட்ட குடும்பங்கள். பன்றியும் வாத்தும் வளர்த்தவர்கள் தலைமுறைத் தொழிலை இழந்தார்கள். படகுக்காரர்களுக்கு ஆறு என்றால் வீட்டு வாசல்போல. பாசிர் பாஞ்சாங்கிலோ திறந்த கடலின் அலை. அதோடு 1972லேயே கொள்கலன் துறைமுகம் வந்துவிட்டதால், பெரிய கப்பல்கள் துறைமேடையிலேயே சரக்கை இறக்கத் தொடங்கியிருந்தன. அவர்கள் தொழில் திரும்பத் தழைக்கவே இல்லை.

இன்று அந்தக் கரையிலே விளக்கொளியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களில் பலருக்கு, முதுகில் சாக்கு மூட்டையைச் சுமந்து ஆடுகின்ற பலகைமேல் ஏறி இறங்கிய மனிதர்களைத் தெரியாது. தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குப் பெயர்ந்த சொந்தபந்தங்களை உடைய நமக்கு இந்த வேதனை புதிதல்ல. லயத்து வீடு இடிபடும்போது இடிவது சுவர் மட்டுமா? ஆகவே பொது நன்மைக்காக ஒருவனை விட்டுக்கொடுக்கச் சொல்லும்போது, அவனுக்கு மாற்றிடம் கொடுக்கவேண்டும்; அவன் விட்டுக்கொடுத்ததை மறக்காமலும் இருக்கவேண்டும். இந்த இரண்டும் இல்லாத முன்னேற்றத்திற்கு வேறு பெயர் சொல்வார்கள்.

சிமெண்டை உடைத்த கதை

1987உடன் கதை முடியவில்லை. கட்டளை போட்டு ஆற்றைச் சுத்தம் செய்துவிடலாம். சுத்தமாக வைத்திருப்பதற்குக் கட்டளை மட்டும் போதாது. மழை பெய்தால் மறுநாளே குப்பை மிதந்து வரும். இதைக் கண்ட பொதுமக்கள் சிலர் 1998இல் வாட்டர்வேஸ் வாட்ச் சொசைட்டி என்னும் தொண்டர் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஓய்வு நாளில் சைக்கிளிலும் படகிலும் சுற்றி வந்து குப்பை பொறுக்குவதும், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆற்றைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பதும் அவர்கள் பணி. சம்பளம் வாங்கிச் செய்யும் வேலை அல்ல அது.

2006இல் அந்நாட்டு அரசாங்கம், நீர்நிலைகளை மக்கள் நெருங்கிப் பழகும் இடங்களாக்கும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் பேர்போன உதாரணம் பீஷான் - அங் மோ கியோ பூங்கா. 1988இல் அமைந்த அந்தப் பூங்காவின் ஓரத்தில் காலாங் ஆறு ஓடியது. ஆறு என்று பெயர்தான். வெள்ளத்துக்குப் பயந்து அதை 2.7 கிலோமீட்டருக்குச் சிமெண்டுக் கால்வாயாகக் கட்டி வைத்திருந்தார்கள். பூங்கா ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம், நடுவே வேலி.

அந்தச் சிமெண்டை உடைத்தார்கள். ஆற்றை வளைந்து நெளிந்து சுமார் 3 கிலோமீட்டருக்கு ஓடவிட்டார்கள். கரை சரியாமல் பிடித்துக்கொள்ளச் சிமெண்டுக்குப் பதில் கல்லும் செடியும் மர வேரும். எந்தச் செடி மண்ணை நன்றாகப் பிடிக்கும் என்று முதலில் சிறிய ஓடைத் துண்டு ஒன்றில் நட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். உடைத்த சிமெண்டுத் துண்டுகளையும் வீணாக்கவில்லை. அவற்றை அடுக்கிப் பூங்காவில் ஒரு சிறு குன்று எழுப்பினார்கள். மழைக்காலத்தில் ஆறு அகன்று, சரிவான புல்வெளிமீது பரவி, மெதுவாக வடியும். மழை விட்டதும் பிள்ளைகள் அதே புல்வெளியில் விளையாடலாம். 62 ஹெக்டர் பரப்புள்ள இந்தப் பூங்கா புதுக்கோலத்துடன் 2012இல் திறக்கப்பட்டது. 2014 வாக்கில் நீர்நாய் ஜோடி ஒன்று அங்கே குடிவந்தது. நீர்நாய் மீன் இல்லாத ஆற்றுக்கு வராது. ஆற்றுக்கு அது கொடுத்த நற்சான்றிதழ் என்றே சொல்லலாம்.

நம் நாட்டு ஆறுகள்

"அது சிங்கப்பூர் சார், பணக்கார ஊரு" என்று நீங்கள் சொல்லக்கூடும். சரி, நம் தோட்டத்துக்கே வருவோம்.

செம்பனை நம் நாட்டில் பெருகிய காலத்தில், எண்ணெய் ஆலைகளின் கழிவுநீர் நேரே ஆற்றில் விழுந்தது. அந்தக் கழிவில் விஷம் இல்லை. எண்ணெய்ப் பசையும் சக்கையும்தான். ஆனால் நீரிலுள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்னும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் உயிர்வளியை உறிஞ்சிவிடும். மீன் மூச்சுமுட்டிச் சாகும். 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977இல் செம்பனை ஆலைகளுக்கென்று தனி விதிகள் வந்தன. கழிவின் அழுக்கு அளவு 1978இல் 5,000 என்ற வரம்பிலிருந்து, ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, 1984இல் 100 என்ற வரம்புக்கு வரவேண்டும் என்று கெடு வைத்தார்கள். ஆலைகள் கழிவைக் குளம் குளமாகத் தேக்கிப் புளிக்கவைத்துச் சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டன. நாட்டின் செம்பனைத் தொழில் அழிந்துவிடவில்லை, முன்னைவிட வளர்ந்தது. 1993இல் ஆறுகளை நேசிப்போம் என்ற இயக்கமும் நாடளவில் தொடங்கப்பட்டது.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 2019 மார்ச்சில் ஜொகூர், பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். காற்றில் பரவிய நச்சுப் புகையால் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி மருத்துவ உதவி நாடினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆற்றில் கொட்டியவர்கள் சில பேர். வகுப்பறையில் மயங்கி விழுந்தவை ஒன்றும் அறியாத பிள்ளைகள். பெற்றோர்களே, ஆறு நமக்கு வேண்டாதது என்று நாம் நினைத்தாலும், ஆறு நம் பிள்ளைகளை விட்டுவைப்பதில்லை.

நமக்குரிய பாடங்கள்

இனி ஆரம்பத்தில் எழுந்த மூன்று கேள்விகளுக்கு வருவோம்.

"மேலேயிருந்து குப்பை வருமே?" ஆம், வரும். ஆகவே மேலேயிருந்தே தொடங்குவோம். ஆத்தோரத்தில் இறங்குமுன், நம் லயங்களிலிருந்து எந்தெந்தக் கான் ஆற்றில் போய் விழுகிறது, எங்கே குப்பை கொட்டப்படுகிறது என்று ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஒரு வரைபடம் போடட்டும். குப்பை கொட்டாதே என்று பலகை வைக்குமுன், எங்கே கொட்டுவது என்பதற்கு வழி செய்வோம். லயத்துக் கோடியில் மூடியுள்ள தொட்டிகள் வைக்கவும், குப்பை லாரி வாரம் இருமுறை வரவும் தோட்ட நிர்வாகத்திடம் சங்கத்தின் மூலம் எழுத்தில் கேட்போம். சிங்கப்பூரில் மாற்றிடம் முந்தியது, தடை பிந்தியது. இங்கேயும் அதுவே முறை.

"கம்பெனி நிலத்துக்கு நாம் ஏன் பாடுபடணும்?" நிலம் கம்பெனியுடையது, உண்மை. அந்தக் கொசு கடிப்பது யாரை? டிங்கிக் காய்ச்சலும் எலிக்காய்ச்சலும் யார் வீட்டுக்கு வருகின்றன? டயரில் தேங்கிய தண்ணீருக்கு நிலப்பட்டா தெரியாது. சூலியாப் படகுக்காரனுக்கும் அந்த ஆறு சொந்தமில்லை. ஆனாலும் அவன் பெயர் அந்தத் தெருவில் நிற்கிறது. நம் பாட்டன்மார் வெட்டிய காட்டில் அவர்கள் பெயரில் ஒரு தெருகூட இல்லை. நாம் நடும் மரமாவது நிற்கட்டுமே! நாளைக்குத் தோட்டம் கைமாறினாலும், இந்தப் பள்ளியில் படித்தவர்கள் திரும்பி வந்து உட்கார ஒரு நிழல் வேண்டாமா?

"இன்னிக்குச் சுத்தம் பண்ணினா நாளைக்கு?" இதற்கு வழி இரண்டு. ஒன்று, கெடு. அடுத்த பரிசளிப்பு விழா அந்த ஆத்தோரத்தில் நடக்கவேண்டும் என்று இன்றே நாள் குறிப்போம். கெடு இல்லாத வேலை கிணற்றில் போட்ட கல். இரண்டு, முறைவைத்துக் காவல். கோத்தோங் ரோயோங் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடிப் படமெடுத்துக்கொண்டு கலைந்துபோனால், மூன்றே மாதத்தில் லாலான் நம்மைப் பார்த்துச் சிரிக்கும். லயத்துக்கு ஒரு வாரம் என்று முறை வைப்போம். ஆண்கள் பாராங்கத்தியும் மண்வெட்டியும் எடுக்கட்டும். தாய்மார்கள் எந்த இடத்தில் பந்தல், எந்த இடத்தில் ஊஞ்சல் என்று சொல்லட்டும்; பிள்ளைகளோடு அங்கே உட்காரப்போகிறவர்கள் அவர்கள்தாம். கரை சரியாமல் இருக்க மூங்கிலும் வெட்டிவேரும் நடுவோம். வெட்டிவேர் ஆழமாக இறங்கி மண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும், நம்மவர்க்குப் புதிதல்ல. பிள்ளைகள் ஆற்றில் இறங்காமல் கரையில் பெரியவர்களின் கண்பார்வையில் மட்டுமே வேலை செய்யவேண்டும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மாணவச் செல்வங்களே! திருவள்ளுவர் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாகவே வான்சிறப்பை வைத்தார். தண்ணீருக்கு அவர் கொடுத்த இடம் அது. குறளை மனப்பாடம் செய்து பரிசு வாங்குகிற நீங்கள், மிட்டாய்த் தாளைக் கானில் போடாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால், அதுவே குறளுக்கு நீங்கள் எழுதும் உரை.

பத்தாண்டு உழைப்பில் ஒரு பட்டணம் தன் ஆற்றை மீட்டது. நமக்கு இருப்பது ஒரு சிற்றாறு, ஒரு துண்டு நிலம், ஓர் ஆண்டு. விழா முடிந்து வரும் முதல் ஞாயிறு காலை ஏழரை மணிக்கு, பள்ளித் திடலில் சந்திப்போம். கத்தி கொண்டுவர முடியாதவர்கள் காப்பித் தண்ணி கொண்டுவாருங்கள். அதுவும் தொண்டுதான்.